கடைக்குள் பாட்டு: எஃப்.எம்., செல்போன், பென் டிரைவ், மாதச் சந்தா, அல்லது மௌனம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையில், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் புதிதாகக் கடை திறப்பவர்கள் ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: தமிழ்ப் பாட்டு போடவா, மலையாளப் பாட்டு போடவா? கேரளத்துப் பாறசாலையிலிருந்து வந்தவரும் தமிழ்நாட்டுத் திருவட்டாறிலிருந்து வந்தவரும் ஒரே கல்லாவின் முன் நிற்கிற ஊரில் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் அதற்கு முன் இரண்டைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே வந்தவர் எவ்வளவு நேரம் நின்றால் உங்களுக்கு நல்லது? அந்த ஒலியைக் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கேட்கப்போகிறவர் யார்? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் மொழிச் சிக்கலில் பாதி தானே அவிழ்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

வேகம். ரொனால்ட் மில்லிமன் 1982-ல் வெளியிட்ட சூப்பர் மார்க்கெட் ஆய்வைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 72 தட்டும் அதற்குக் கீழும் உள்ள இசை ஒலித்த நாட்களில் மக்கள் மெதுவாக நடந்தார்கள். 94 தட்டும் அதற்கு மேலும் உள்ள இசையில் நடை விரைந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் மெதுவான நாட்களின் விற்பனை 38.2 சதவீதம் கூடுதல். ஸ்பீக்கர் விற்பவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் அங்கே நிறுத்தக் கூடாது.

அதே மில்லிமன் 1986-ல் உணவகம் ஒன்றைப் பற்றியும் எழுதினார். மெதுவான இசையில் வாடிக்கையாளர்கள் சராசரியாக 56 நிமிடமும், வேகமான இசையில் 45 நிமிடமும் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுச் செலவில் பெரிய மாற்றமில்லை. கூடியது மது பில். மது இல்லாத நம்மூர் ஓட்டலில் அந்த லாபத்துக்கு இடமே இல்லை, நஷ்டம் மட்டும் மிஞ்சும். பத்து மேஜை, இரவு மூன்று மணி நேரக் கூட்டம் என்று வையுங்கள். ஒரு மேஜைக்கு 45 நிமிடம் என்றால் 40 குடும்பம் உட்காரும். 56 நிமிடம் என்றால் 32 தான். எட்டுக் குடும்பம் வெளியே நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடும்.

பாட்டின் வேகத்தைக் கணக்கிடக் கருவி வேண்டாம். காலால் தாளம் தட்டி 15 விநாடி எண்ணுங்கள், அதை நான்கால் பெருக்குங்கள். 18 வந்தால் 72.

சத்தம். 1966-ல் ஸ்மித், கர்னோ இருவரும் சூப்பர் மார்க்கெட்டுகளில் பார்த்தது இது: இசை உரக்க ஒலித்தபோது மக்கள் உள்ளே நின்ற நேரம் குறைந்தது, விற்பனையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சத்தம் கூட்டினால் கூட்டம் கூடும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அளவு பார்க்க எளிய வழி, கல்லாவில் சாதாரணக் குரலில் தொகையைச் சொல்வது. எதிரில் நிற்பவர் "எத்ரயா?" என்று மறுபடி கேட்டால் ஒலியைக் குறைத்தாக வேண்டும். காலை 10 மணிக்கு வைத்த அளவு மாலை 7 மணிக்குப் பொருந்தாது. கூட்டத்தின் பேச்சொலி ஏற ஏற ஊழியர் பாட்டைக் கூட்டுவார், பாட்டுக்கு மேல் பேச மக்கள் குரலை உயர்த்துவார்கள். இந்தப் போட்டிக்கு முடிவில்லை. ஆம்ப்ளிஃபையரில் உச்ச அளவுக்கு ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று வைத்துவிடுங்கள்.

கல்லாவில் இன்னொரு குரலும் இருக்கிறது: பணம் வந்ததைச் சொல்லும் யு.பி.ஐ. சவுண்ட் பாக்ஸ். பாட்டு அதை அமுக்கிவிட்டால், பணம் வராமலே "அனுப்பிட்டேன்" என்று போனைக் காட்டிவிட்டுப் போகிறவரைப் பிடிக்க முடியாது. கல்லாவுக்கு நேர் மேலே ஸ்பீக்கர் வைக்காதீர்கள்.

பொருத்தம். 1997-ல் ஏட்ரியன் நார்த் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் எழுதியது: ஒயின் அலமாரிக்குப் பக்கத்தில் பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயினும், ஜெர்மன் இசை ஒலித்த நாட்களில் ஜெர்மன் ஒயினும் அதிகம் போயின. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இசைதான் காரணம் என்று உணரவே இல்லை. 1993-ல் அரேனி, கிம் இருவரும் செய்த ஆய்வில், செவ்வியல் இசை ஒலித்தபோது மக்கள் வாங்கிய புட்டிகளின் எண்ணிக்கை கூடவில்லை, விலை உயர்ந்தவற்றை எடுத்தார்கள். இவை வெளிநாட்டில் ஒயின் விற்கும் இடங்களில் கண்டவை. நம் ஜவுளிக்கடைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஓண வாரத்தில் கசவுப் புடவை அடுக்கிய பகுதியில் கேரளத்து இசை ஒலிப்பது செலவில்லாமல் செய்து பார்க்கக்கூடியது.

உரிமம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் மத்தியச் சட்டம். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே சட்டம்தான். கடையில் பாட்டுப் போடுவது பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதாகும். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவுக்கு பி.பி.எல். என்று உரிமம் தருபவர்கள் தனித்தனி. எல்லா இசை நிறுவனங்களும் பி.பி.எல். பட்டியலில் இல்லை, ஆகவே உங்கள் பாட்டுகள் யாருடையவை என்று முதலில் பார்க்க வேண்டும். 63-ம் பிரிவின்படி மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

"பழைய பாட்டுதானே" என்ற சமாதானமும் செல்லாது. ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர் மறைந்த பின் 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல், அவர் வரிகளுக்கான உரிமை 2041 முடியும்வரை இருக்கிறது.

## எஃப்.எம். ரேடியோ

செலவு குறைவு, ஆள் பார்க்க வேண்டாம், பாட்டுத் தேர்வு பற்றி ஊழியர்களுக்குள் தகராறு இல்லை. டீக்கடை, பேக்கரி, சலூன், சைக்கிள் கடை போன்ற இடங்களுக்கு இது பழகிய துணை. நாகர்கோவில் வானொலியைக் கேட்டே கடை திறக்கும் பழக்கம் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. நேரம் தெரியும், செய்தி தெரியும், மழை பற்றியும் தெரியும்.

மறைந்த செலவு விளம்பரத்தில் இருக்கிறது. தனியார் எஃப்.எம்.மில் விளம்பரம் தருபவர்களில் ஜவுளிக்கடைக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் உண்டு. உங்கள் கடையில் ஒரு பெண் புடவையைத் தோளில் போட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில், திருவனந்தபுரத்துப் பெரிய கடையின் தள்ளுபடி அறிவிப்பு உங்கள் ஸ்பீக்கரிலேயே வரும். ஜவுளி, நகை, வீட்டு உபயோகப் பொருள் விற்பவர்கள் எஃப்.எம். வைக்கவே கூடாது என்பேன்.

எல்லைக்கே உரிய இன்னொரு தொல்லை, அலை. களியக்காவிளை, கொல்லங்கோடு பகுதிகளில் திருவனந்தபுரம் நிலையங்கள் தெளிவாக விழும். தமிழ் நிலையம் ஒன்றை வைத்திருந்தால் இடையில் மலையாளம் கலந்து இரைச்சலாகும். மலிவான ரிசீவரின் கம்பி ஆன்டெனா ட்யூப்லைட் சோக்குக்கும் எல்.இ.டி. டிரைவருக்கும் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் இன்னும் கூடும். ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே மூன்றடி நீட்டினாலே பாதி சரியாகிவிடும்.

நிலையம் செலுத்தும் தொகை அதன் ஒலிபரப்புக்கானது. அதைக் கடைக்குள் பலருக்குக் கேட்க வைப்பதற்கும் உரிமத் தொகை கேட்டுக் கடிதம் வரலாம். "ரேடியோதானே வைத்தேன்" என்பதை நம்பி இருக்க வேண்டாம்.

## செல்போன் ஆப்பும் ப்ளூடூத் ஸ்பீக்கரும்

இன்று சிறு கடைகளில் அதிகம் காண்பது இது. ஐந்து வழிகளில் மிக மோசமானதும் இதுதான்.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவை தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. மாதச் சந்தா கட்டியிருந்தாலும் கடையில் போட அனுமதி இல்லை. இலவசக் கணக்கில் விளம்பரமும் சேர்ந்து வரும். போன் யாருடையதோ அவருக்கு அழைப்பு வந்தால் பாட்டு நின்று ரிங்டோன் கடை முழுக்கக் கேட்கும், வாட்ஸ்அப் குரல் செய்தியைத் தவறி அழுத்தினால் வீட்டு விஷயம் வாடிக்கையாளர் காதில் விழும். பட்டியல் முடிந்ததும் ஆப் தானே அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கும். போனுக்குச் சொந்தக்காரப் பையன் நேற்றிரவு கேட்டது சோகப் பாட்டு என்றால், கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பத்துக்கும் அதுதான். டேட்டாவும் கணக்கில் வரும்: 160 கேபிபிஎஸ் தரத்தில் மணிக்கு 72 எம்.பி., 12 மணி நேரத்துக்கு 864 எம்.பி.

இதற்கு ஒரே ஒரு நியாயமான உபயோகம் உண்டு. கடை திறக்கும் முன், ஆள் இல்லாத நேரத்தில், எந்த வேகம், எந்த வாத்தியம் உங்கள் கடைக்குப் பொருந்துகிறது என்று நீங்களே கேட்டுத் தீர்மானிப்பதற்கு.

## பென் டிரைவில் சொந்தத் தொகுப்பு

வேலை அதிகம், பலனும் அதிகம். இணையம் போனாலும் நிற்காது. வேகம் முழுக்க உங்கள் கையில். ஆனால் ‘பென் டிரைவில் ஆயிரம் பாட்டு’ என்று விற்பதை வாங்கிப் போடுவது சொந்தத் தொகுப்பாகாது, அது உரிமமில்லாத நகல். நேர்மையான வழிகள் மூன்று.

முதலாவது, திரைப்பாடல்தான் வேண்டுமென்றால் மேலே சொன்ன உரிமங்களை எடுப்பது. விண்ணப்பத்தில் கடையின் பரப்பைச் சரியாகக் குறிப்பிடுங்கள். மாடியில் கிடங்கு இருந்து அங்கே ஸ்பீக்கர் இல்லையென்றால் அதைத் தனியே எழுதுங்கள்.

இரண்டாவது, ராயல்டி இல்லாத வாத்திய இசையை வாங்குவது. இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வீடியோவில் சேர்க்கும் உரிமமும் கடையில் ஒலிக்கும் உரிமமும் வேறு வேறு. வணிக இடத்தில் பொதுவில் ஒலிக்கலாம் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கல்லாவில் வையுங்கள்.

மூன்றாவதை இந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் அதிகம் யோசிப்பதில்லை: உள்ளூர்க் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்வது. தியாகராஜர் மறைந்தது 1847-ல், சுவாதித் திருநாள் மறைந்தது 1846-ல். அவர்கள் கீர்த்தனைகளுக்கு இன்று பதிப்புரிமை இல்லை. பிறர் செய்த பதிவுகளுக்கு உண்டு, அதனால்தான் புதிதாக வாசிக்க வைக்க வேண்டும். வயலினோ புல்லாங்குழலோ, உடன் ஒரு தம்பூரா, மெல்லிய மிருதங்கம் போதும். சுவாதித் திருநாள் திருவிதாங்கூர் மன்னர். எல்லையின் இரு பக்கத்தாரும் அவர் இசைக்குச் சொந்தக்காரர்கள், மொழிப் பிரச்சினையும் இல்லை. வாத்தியம் மட்டும் ஒலிக்கும்போது பேரம் பேசும் காதில் வரி குறுக்கிடுவதும் இல்லை.

பதிவுக்குப் பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் நம்முடையது என்று நினைக்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாசித்த ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள், மிருதங்கக்காரரை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு இசை வேண்டும்? ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்றால் மணிக்கு 13, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 160. இருநூறு பாட்டு வைத்திருந்தால் நாளை அதேதான் மறுபடி வரும். வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை வருபவர், அவருக்குத் தெரியாது. விற்பனைப் பெண்களுக்குத் தெரியும். மூன்றாம் வாரத்தில் அவர்களே யாரும் பார்க்காதபோது ஒலியைக் குறைத்து வைப்பார்கள், முகத்திலும் அலுப்பு தெரியும். ஒரே இசை நாளெல்லாம் காதில் விழுந்தால் யாருக்கும் அப்படித்தான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொகுப்பு சிறியதாக இருந்தால் 15 நிமிடம் இசை, 15 நிமிடம் மௌனம் என்று மாற்றிப் போடுங்கள். 1934-ல் தொடங்கிய அமெரிக்க மியூசாக் நிறுவனம் வேலையிடங்களுக்கு 15 நிமிடத் தொகுதிகளாக இசை அனுப்பி, இடையில் மௌனம் விட்டது. தேவையான இசையும் பாதியாகும், காதுக்கும் ஓய்வு.

பலருக்கும் பழகிய பாட்டைவிட, கேட்டறியாத இசை கடைக்கு நல்லது என்பதற்கும் ஆதாரம் உண்டு. யால்ச், ஸ்பாங்கன்பெர்க் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பழகிய இசை கேட்டவர்கள் நெடுநேரம் கடையில் இருந்ததாக நினைத்தார்கள். உண்மையில் அதிக நேரம் இருந்தவர்கள் பழகாத இசை கேட்டவர்கள்தான்.

## கடைகளுக்கான மாதச் சந்தாச் சேவை

ஒரு சிறு பெட்டி அல்லது ஆப். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று என்று அவர்களே நிரல் அமைத்து அனுப்புவார்கள். மூன்று நான்கு கிளை உள்ள கடைக்கு இது சரி, எல்லாக் கிளையிலும் ஒரே தரம் இருக்கும். ஒரே கடைக்கு வீண்செலவு.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டணத்தில் ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். தொகை அடங்குமா, அல்லது அது தனியா? வழக்கு வந்தால் பொறுப்பு யாருடையது, எழுத்தில் தருவார்களா? தமிழும் மலையாளமும் எவ்வளவு இருக்கிறது? இந்தியும் ஆங்கிலமும் நிரம்பிய பட்டியலில் நம் மொழிகள் ஊறுகாய் அளவே இருந்தால் மார்த்தாண்டத்தில் அது ஒட்டாது. இணையம் அறுந்தால் எத்தனை மணி நேரம் சேமித்த இசை ஓடும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

## எதுவும் வேண்டாம் என்றால்

மருந்துக்கடை, கண் பரிசோதனை செய்யும் கண்ணாடிக்கடை, புத்தகக்கடை, விதை-உரக்கடை ஆகியவற்றுக்கு மௌனம்தான் சரி. மருந்துப் பெயரையும் வேளைக் கணக்கையும் தெளிவாகக் கேட்டாக வேண்டிய இடத்தில் பாட்டு ஆபத்து. பில் தவறினால் பணம்தான் போகும், மாத்திரை மாறினால் அப்படியா?

மௌனத்துக்கும் விலை உண்டு. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய கடையில் பாட்டை நிறுத்தினால் பஸ் ஹாரன் கேட்கும். மெல்லிய இசை ஒருவர் பேச்சை இன்னொருவர் காதிலிருந்து மறைக்கிறது. நகைக்கடையில் அடகு பற்றிப் பேசுபவருக்கும், உள்ளாடைப் பிரிவில் அளவு சொல்லும் பெண்ணுக்கும் அந்த மறைப்பு தேவை. அங்கே மட்டும் இரண்டு ஸ்பீக்கர் போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | வேகம் நம் கையில் | மறைந்த செலவு | நின்றுபோவது எப்போது | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| எஃப்.எம். | இல்லை | போட்டிக்கடை விளம்பரம் | அலை கலக்கும்போது | டீக்கடை, சலூன் |
| செல்போன் ஆப் | பாதி | உரிம மீறல், அழைப்புகள் | அழைப்பு, இணையம் | எதற்கும் வேண்டாம் |
| பென் டிரைவ் | முழுக்க | தொகுக்கும் உழைப்பு, ஊழியர் அலுப்பு | அரிது | ஜவுளி, நகை, சூப்பர் மார்க்கெட், ஓட்டல் |
| மாதச் சந்தா | பெரும்பாலும் | தனி உரிமத் தொகை | இணையம் அறுந்தால் | பல கிளைக் கடை |
| மௌனம் | தேவையில்லை | பேச்சு மறைவின்மை | – | மருந்து, கண்ணாடி, புத்தகம் |

## ஸ்பீக்கர் விஷயம்

எந்த வழியானாலும், வாசலில் ஒரு பெரிய பெட்டி வைப்பது தவறு. வாசலில் நிற்பவர் காது அடைக்கும், உள்ளே கடைசி அலமாரியில் வெறும் முணுமுணுப்பு. சிறு ஸ்பீக்கர் பல வைத்து ஒவ்வொன்றையும் மெதுவாக ஒலிக்க விடுங்கள். கூரை 10 அடி, நிற்பவர் காது 5 அடி உயரம் என்றால், 90 பாகை பரப்பும் கூரை ஸ்பீக்கர் ஒன்று 10 அடி வட்டத்தை நிரப்பும். 25 அடிக்கு 40 அடி கடையில் இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றையும் 3 வாட் இணைப்பில் போட்டால் 24 வாட். 40 வாட் ஆம்ப் தாராளம்.

இப்படிப் பல ஸ்பீக்கருக்கு, ஒவ்வொன்றிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து எல்லாவற்றையும் ஒரே லைனில் கோக்கும் 100 வோல்ட் லைன் முறைதான் ஏற்றது. அந்த லைனில் வீட்டு 8 ஓம் ஸ்பீக்கரை நேரே கோத்தால் ஸ்பீக்கர் கருகும், ஆம்பும் போகலாம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கூட்டல்-கழித்தல் வயர் மாறிவிட்டால், அதற்கும் பக்கத்து ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும்போது ஒலி கனமில்லாமல் வெறுமையாகக் கேட்கும். பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்து ஆம்புக்கு வயர் இழுத்தால் ‘உம்ம்’ என்ற இரைச்சல் வருவது வழக்கம், கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் போகும்.

வெளியே ஸ்பீக்கர் வைப்பதானால் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குறுக்கே வரும். பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூல அனுமதி வேண்டும். வணிகப் பகுதியில் பகல் 65, இரவு 55 டெசிபெல். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருந்தால் பகலிலேயே 50 தான். சாலையைப் பார்த்து ஸ்பீக்கர் திருப்பும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. பக்கத்துக் கடைக்காரருக்கும் அன்றைக்கு வியாபாரம் நடக்க வேண்டும்.

## மொழியும் பருவமும்

திரைப்பாடலுக்கு உரிமம் எடுத்திருந்தால், இரு மொழியிலும் பாடிய குரல்களைத் தேர்வது எளிய வழி. யேசுதாஸ், சித்ரா, எஸ். ஜானகி குரல் கேட்டால் எந்தப் பக்கத்தவரும் அந்நியமாக உணர மாட்டார்கள். ஒரு மணி நேரம் தமிழ், ஒரு மணி நேரம் மலையாளம் என்று பிரிக்காதீர்கள், ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து விடுங்கள்.

ஆடியும் கர்க்கடகமும் ஏறக்குறைய ஒரே நாட்களில் வருவதால் இரு பக்கத்திலும் கல்யாணம் இல்லை. அப்போது கடையில் இடம் நிறைய, மெதுவான இசை தகும். ஆவணி பிறந்ததும் கேரளத்தில் சிங்ஙம் மாதம், முகூர்த்தமும் ஓணமும் சேர்ந்து நெரிசல். அந்த நாட்களில் மக்களை நிறுத்தி வைக்கத் தேவையில்லை, 94 தட்டுக்கு மேல் போங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கும் அதே கணக்கு. பக்திப் பாட்டு வைக்கும் வழக்கமிருந்தால் கடை திறக்கும் முதல் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்று மதத்தவரும் உங்கள் வாடிக்கையாளர்கள்.

## வாங்கும் முன் நான்கு வாரம்

ஸ்பீக்கரை விலைக்கு வாங்காமல் வாடகைக்கோ இரவலாகவோ எடுத்து, பொதுவில் ஒலிக்க உரிமம் உள்ள சிறு வாத்தியத் தொகுப்பை வைத்துப் பார்க்கலாம். முதல் வாரம் திங்கள், புதன், வெள்ளி இசை, செவ்வாய், வியாழன், சனி மௌனம். அடுத்த வாரம் மாற்றிப் போடுங்கள். நான்கு வாரம் இப்படிச் செய்து, ஒவ்வொரு நாளும் பில் எண்ணிக்கை, மொத்தத் தொகை, சராசரி பில் மூன்றையும் எழுதுங்கள். சம்பள வாரம், முகூர்த்த நாள், மழை நாள் எது என்று ஓரத்தில் குறியுங்கள், அந்த நாட்களை அதே போன்ற நாட்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். மாலையில் விற்பனைப் பெண்களிடம் தலைவலி இருக்கிறதா என்று கேட்டு அதையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். நான்கு வாரத்திலும் எண்கள் அசையவில்லை என்றால் ஆம்ப் வாங்க வைத்திருந்த பணத்தில் கடகடவென்று ஓடும் பழைய ஃபேன்களை மாற்றிவிடலாம்.